சளி நகராதபோது: மூன்று அரிய மரபுநோய்களை ஒப்பிட்டால் தெரிவது

நுரையீரலைச் சிதைக்கும் இரண்டு மரபுநோய்கள் உண்டு. இரண்டுமே முதலில் நுரையீரலில் பிடிபடவில்லை. ஒன்று கணையத்திலும் வியர்வையிலும் பிடிபட்டது. மற்றது இடம் மாறிய இதயத்திலும் நீந்தாத விந்தணுவிலும் பிடிபட்டது. நெஞ்சுச் சளிக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று மருத்துவம் புரிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்தத் தொடர்பு புரிந்தபோது இன்னொன்றும் சேர்ந்தே புரிந்தது: நோயில்லாத நுரையீரல் தன்னை எப்படிச் சுத்தம் செய்துகொள்கிறது என்பது.

முதல் நோய் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நியூயார்க்கின் பேபீஸ் மருத்துவமனையில் நோயியல் மருத்துவராக இருந்த டொரொதி ஆண்டர்சன், சாப்பிட்டும் உடல் தேறாமல் இறந்துபோன குழந்தைகளின் பிணக்கூறாய்வுகளை ஒன்றுசேர்த்து 1938-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தக் குழந்தைகளின் கணையம் நார்த்தழும்பாகவும் நீர்க்கட்டிகளாகவும் மாறியிருந்தது. மூச்சுக்குழல்களில் கெட்டிச் சளியும் சீழும் அடைத்திருந்தன. பத்து ஆண்டுகள் கழித்து, 1948 கோடையில், நியூயார்க்கில் கடும் வெப்ப அலை வீசியது. நீர் வற்றி மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளில் இந்த நோய் உள்ளவர்கள் எதிர்பாராத அளவுக்கு அதிகமாக இருந்தார்கள். பால் டி சான்ட் ஆக்னீஸ் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார். இந்தக் குழந்தைகளின் வியர்வையில் உப்பு பல மடங்கு கூடுதல் என்று 1953-ல் அவர் நிறுவினார். கிப்சனும் குக்கும் 1959-ல் வகுத்த வியர்வைச் சோதனைதான் இன்றும் அடிப்படைச் சோதனை. பைலோகார்பைன் மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் தோலுக்குள் செலுத்தி, ஊறும் வியர்வையைச் சேகரித்துக் குளோரைடை அளப்பார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருக்கிறது என்று கொள்வார்கள்.

இரண்டாவது நோய் பிரைமரி சிலியரி டிஸ்கைனீசியா. மருத்துவர்கள் பேச்சில் பி.சி.டி. நாள்பட்ட சைனஸ் தொல்லை, விரிந்து சிதைந்த மூச்சுக்குழல்கள், வலப்பக்கம் இருக்கும் இதயம் ஆகிய மூன்றும் சில நோயாளிகளிடம் ஒன்றாகவே காணப்படுவதை ஜூரிச் நகரின் மேனெஸ் கார்டகெனர் 1933-ல் விவரித்தார். கீவ் நகரைச் சேர்ந்த சீவெர்ட் 1904-லேயே இப்படி ஒரு நோயாளியைப் பதிவு செய்திருந்தார். ஆனால் மூன்றும் ஏன் சேர்ந்து வருகின்றன என்பதை இருவராலும் சொல்ல முடியவில்லை. விடை ஸ்டாக்ஹோமிலிருந்து வந்தது, அதுவும் நுரையீரல் மருத்துவரிடமிருந்து அல்ல. பியோர்ன் அஃப்சீலியஸ் மின்னணு நுண்ணோக்கியில் செல்களைப் பார்ப்பவர். கடல் முள்ளெலியின் விந்தணு வாலுக்குள் இருக்கும் நுண்குழாய்களில் சிறு கைகள் போன்ற நீட்சிகள் இருப்பதை 1959-ல் அவர் கண்டிருந்தார். அவைதாம் வாலை அசைக்கும் டைனீன் என்ற புரதம் என்று பின்னால் தெரியவந்தது. குழந்தைப்பேறு இல்லாத சில ஆண்களின் விந்தணுக்கள் உயிரோடு இருந்தும் அசையாமல் கிடந்தன. அவற்றை அறுத்துப் பார்த்தபோது அந்தக் கைகளைக் காணவில்லை. அதே ஆண்களுக்குச் சிறுவயது முதலே மூக்கடைப்பும் இருமலும் இருந்தன. சிலருக்கு இதயம் வலப்பக்கம் இருந்தது. 1976-ல் சயின்ஸ் இதழில் அவர் எழுதிய சிறு கட்டுரை இவை எல்லாவற்றையும் ஒரே காரணத்துக்குள் கொண்டுவந்தது. விந்தணுவின் வாலும், மூச்சுக்குழலின் உள்சுவரில் மயிர்போல் நீண்டு அசையும் குற்றிழையும் ஒரே கட்டமைப்பு. ஒன்று அசையாவிட்டால் மற்றதும் அசையாது.

இதயம் இடம் மாறுவதற்கு அவர் தந்த விளக்கம் அப்போது வெறும் ஊகம். கருவின் தொடக்க நாட்களில் எங்கோ உள்ள குற்றிழைகளின் அசைவுதான் இடம், வலம் எது என்று தீர்மானிக்க வேண்டும். அசைவு இல்லையென்றால் அது தற்செயலுக்கு விடப்படும். ஆகவே பாதிப் பேருக்கு இடம் மாறியிருக்கும் என்றார். 1998-ல் ஜப்பானில் நொபுதாகா ஹிரோகாவாவின் குழுவினர் எலிக் கருவில் அந்தக் குற்றிழைகள் சுழன்று திரவத்தை இடப்பக்கம் தள்ளுவதைக் கண்டார்கள். பி.சி.டி. உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உறுப்புகள் இடம் மாறியிருப்பதும் அஃப்சீலியஸ் சொன்ன கணக்குக்கு ஒத்துவருகிறது. இருபதாம் நூற்றாண்டு உயிரியலில் இத்தனை சிறிய தடயத்திலிருந்து இத்தனை தூரம் சென்ற ஊகங்கள் அதிகம் இல்லை.

சுத்தம் செய்யும் பொறி

ஒரு நாளில் நாம் இழுக்கும் காற்று சுமார் 10,000 லிட்டர். அதோடு தூசியும் கிருமியும் பூஞ்சை வித்தும் உள்ளே போகின்றன. அவற்றில் பெரும்பகுதியை மூக்கும் மூச்சுக்குழல்களும் சளியில் ஒட்டவைத்துப் பிடிக்கின்றன. பிடித்ததை வெளியேற்றுவது குற்றிழைகளின் வேலை. மூச்சுக்குழலின் உள்சுவரில் குற்றிழையுள்ள ஒவ்வொரு செல்லின் மேலும் 200 போல் குற்றிழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நீளம். நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை, ஒரே திசையில், ஒன்றையொன்று தொடர்ந்து அடிக்கின்றன. அவற்றைச் சுற்றி மெல்லிய திரவப் படலம். அதன் மேல் சளிப் போர்வை. போர்வை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் தொண்டையை நோக்கி ஏறுகிறது. அங்கே வந்ததும் நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம்.

ஆரோக்கியமான சளியில் 97, 98 சதவீதம் தண்ணீர். மீதி பெரும்பாலும் உப்பும் மியூசின் என்ற நெடும் புரதங்களும். குற்றிழையைச் சுற்றியுள்ள படலம் வெறும் உப்பு நீர் என்றுதான் நெடுங்காலம் கருதினார்கள். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பௌச்சர் குழுவினர் 2012-ல் அந்தப் படத்தைத் திருத்தினார்கள். குற்றிழைகளின் மேற்பரப்பிலிருந்தே மியூசின்கள் தூரிகை போலச் செறிந்து நீள்கின்றன. மேலே உள்ள சளி கீழே இறங்காமல் தாங்குவது அந்தச் செறிவுதான். சளி தண்ணீரை இழந்து கெட்டியாகும்போது, ஒரு கட்டத்துக்கு மேல் இந்தத் தூரிகையிலிருந்தும் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. தூரிகை அமுங்கிவிடுகிறது. குற்றிழைகள் சளிக்கு அடியில் நசுங்குகின்றன.

இரண்டு நோய்களின் வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. துடுப்பு ஒடிந்தாலும் படகு நிற்கும், தண்ணீர் வற்றினாலும் படகு நிற்கும். பி.சி.டி.யில் ஒடிந்தது துடுப்பு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் வற்றியது தண்ணீர். நோயாளியின் இருமலைக் கேட்டால் இரண்டும் ஒன்று போலத்தான் தோன்றும். ஆனால் எதை இழந்தால் நுரையீரல் கூடுதலாகக் கெடுகிறது என்பது மனிதரிடம் செய்துபார்க்க முடியாத ஒரு பரிசோதனை. அந்தப் பரிசோதனையை இயற்கையே செய்துவைத்திருக்கிறது என்பதுதான் இந்த ஒப்பீட்டை முக்கியமாக்குகிறது.

ஒரே உப்பு வியர்வை, எதிரெதிர் நுரையீரல்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் பழுதாவது சி.எஃப்.டி.ஆர். என்ற புரதம். குளோரைடும் பைகார்பனேட்டும் செல்லைக் கடக்கும் வாயில் அது. வியர்வை நாளத்தின் சுவரில் குளோரைடு நுழைய முடியவில்லை என்பதை பால் குவின்டன் 1983-ல் காட்டினார். அவருக்கே இந்த நோய் உண்டு. ஆய்வில் தன் வியர்வைச் சுரப்பிகளையும் பயன்படுத்திக்கொண்டவர். 1989-ல் டொரொன்டோவின் லாப்-சீ சூய், ஜாக் ரியோர்டன், மிச்சிகனின் பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் ஏழாம் குரோமோசோமில் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தன. 1,480 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில் 508-ஆவது இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் விடுபட்டுப் போவதுதான் ஐரோப்பியர்களிடம் மிகப் பரவலான பிழை.

மூச்சுக்குழலிலும் இதே வாயில் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே சோடியத்தை உள்ளே இழுக்கும் இன்னொரு வாயிலும் இருக்கிறது. சி.எஃப்.டி.ஆர். உப்பையும் அதோடு தண்ணீரையும் வெளியே விடுகிறது. சோடிய வாயில் உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள சமநிலைதான் படலத்தின் ஆழம்.

மூன்றாவது நோய் இங்கே வருகிறது. சூடோஹைப்போஆல்டோஸ்டிரோனிசம் என்ற நீண்ட பெயர். இந்த இரண்டையும் விட மிக அரிது. அதன் ஒரு வகையில் சோடிய வாயிலே இயங்காது. பிறந்த சில நாட்களிலேயே குழந்தையின் சிறுநீர் வழியாக உப்பு வெளியேறி, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, உயிருக்கே ஆபத்து வரும். அந்தக் குழந்தையின் வியர்வையும் உப்பாகத்தான் இருக்கும். வியர்வையிலிருந்து உப்பை மீட்க சோடிய வாயில், குளோரைடு வாயில் இரண்டும் வேண்டும்; எது பழுதானாலும் உப்பு வெளியே போய்விடும். ஆகவே வியர்வைச் சோதனை மட்டும் செய்தால் இந்தக் குழந்தைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றே முடிவு வரக்கூடும்.

நுரையீரலோ நேர்எதிர். ஜெருசலேமின் ஈத்தன் கெரெமும் வட கரோலினாக் குழுவினரும் 1999-ல் இந்த நோயாளிகளை ஆராய்ந்தார்கள். மூச்சுக்குழல் படலத்தின் திரவம் இயல்பைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்தது. சளி வெளியேறும் வேகம் ஏறத்தாழ நான்கு மடங்கு. சின்னக் குழந்தைகளாக இருக்கும்போது இவர்களுக்கும் இருமலும் வீசிங்கும் மூக்கொழுகலும் வருகின்றன. குறுகிய குழல்களில் திரவம் மிகுந்துவிடுவதால் அப்படி. வளர வளர அது தணிகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் காணும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றோ மூச்சுக்குழல் சிதைவோ இவர்களிடம் வரவில்லை.

மூன்றையும் அடுத்தடுத்து வைத்து மைக்கேல் நோல்ஸும் பௌச்சரும் 2002-ல் எழுதிய கட்டுரையின் வாதம் எனக்கு இன்றும் இந்தத் துறையின் மிகத் தெளிவான சிந்தனையாகத் தோன்றுகிறது. திரவம் மிகுந்தால் நுரையீரல் பிழைத்துக்கொள்கிறது. குற்றிழை அசையாவிட்டால் நோய் வருகிறது; ஆனால் பெரும்பாலும் மெதுவாக வருகிறது. திரவம் வற்றினால், குற்றிழைகள் பழுதில்லாமல் இருந்தும், நோய் சீக்கிரமே வந்து கடுமையாகிறது. குற்றிழையே அசையாத நுரையீரல் எப்படி இத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது? இருமலால். பி.சி.டி.யில் படலம் வற்றவில்லை. சளி சுவரோடு இறுகி ஒட்டிக்கொள்ளவில்லை. இருமினால் பெயர்ந்து வருகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் குற்றிழை அடிப்பதும் வீண், இருமுவதும் பெருமளவு வீண். இருமலைத் தொல்லை என்று மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு, அது சுத்தம் செய்யும் பொறியின் இரண்டாவது தடுப்பு என்பதை இந்த நோயாளிகள்தாம் காட்டித்தந்தார்கள். பி.சி.டி. உள்ள குழந்தைக்கு இருமலை அடக்கும் மருந்து கொடுப்பது எவ்வளவு தவறு என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

இந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்றுவிடவில்லை. அயோவாவில் மைக்கேல் வெல்ஷின் குழுவினர் 2008-ல் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பன்றிகளை உருவாக்கினார்கள். பிறந்த குட்டிகளின் மூச்சுக்குழலில் சோடியம் அளவுக்கு மீறி உறிஞ்சப்படவில்லை. மாறாக, பைகார்பனேட் வராததால் படலம் அமிலமாகி, கிருமியைக் கொல்லும் இயல்பான திறன் குறைந்திருந்தது. 2014-ல் அதே குழு, சளிச் சுரப்பியின் வாயிலிருந்தே சளி இழையாக அறுபடாமல் தொங்கிக்கொண்டிருப்பதைக் காட்டியது. ஆக, வற்றுவது முதற்காரணமா, அமிலமாவதா, சளி சுரப்பியிலிருந்து விடுபடாததா என்ற விவாதம் தொடர்கிறது. மூன்றும் வெவ்வேறு வயதில் வெவ்வேறு அளவில் வேலை செய்கின்றன என்பதே இருக்கும் சான்றுகளுக்குப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். எப்படியானாலும், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் கெடுவது சளியும் அதன் சூழலும், பி.சி.டி.யில் கெடுவது அதைத் தள்ளும் கருவி என்ற அடிப்படைப் பிரிவு மாறவில்லை.

உடலின் பிற இடங்களும் இதையே சொல்கின்றன. பி.சி.டி. உள்ள குழந்தைகளுக்குக் காதுத் தொல்லை ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு: நடுச்செவியில் நீர் தேங்கும், காது மந்தமாகும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் அது அவ்வளவாக இல்லை. நுரையீரலில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மேல் மடல்களில் தொடங்குகிறது, பி.சி.டி. நடு மடலையும் கீழ் மடல்களையும் பிடிக்கிறது. இரண்டிலும் ஆண்களுக்குக் குழந்தைப்பேறு தடைபடலாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் விந்தணு நன்றாகவே இருக்கும், அதை வெளியே கொண்டுவரும் நாளம் உருவாகியிருக்காது. பி.சி.டி.யில் நாளம் இருக்கும், விந்தணு நீந்தாது. கணையமும் குடலும் பி.சி.டி.யில் பாதிக்கப்படுவதில்லை என்பதால் குழந்தை பெரும்பாலும் எடை குறையாமல் வளரும். அந்த ஒன்றே பலரை ஏமாற்றிவிடுகிறது.

ஒரே சோதனை இல்லாத நோய்

இரண்டு நோய்களின் வரலாறு வேறுவேறாகப் போனதற்குப் பெரிய காரணம் நோயறியும் முறை என்பது என் கருத்து. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு 1959 முதல் ஒரு சோதனை, 1989 முதல் ஒரே மரபணு. அதனால் நோயாளிகளைத் தேடி எண்ண முடிந்தது. எண்ண முடிந்ததால் அவர்களுக்கென்று பதிவேடும் சிறப்பு மையமும் நிதியும் அமைந்தன. 1955-ல் அமெரிக்கப் பெற்றோர்கள் தொடங்கிய அறக்கட்டளையே பின்னாளில் மருந்து ஆய்வுக்குப் பணம் போட்டது.

பி.சி.டி.க்கு அப்படி ஒரு சோதனை இல்லை. மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு வாயு இந்த நோயில் மிகக் குறைந்துபோகிறது என்று 1990-களில் தெரியவந்தது. நல்ல முதற்சோதனை அது. ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளிடம் நம்பகமாக அளப்பது கடினம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸிலும் அது சிலருக்குக் குறையும் என்பதால் முதலில் வியர்வைச் சோதனையைச் செய்து அதை விலக்கியாக வேண்டும். மூக்கிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து அதிவேகக் கேமராவில் குற்றிழை அடிப்பதைப் பார்க்கலாம். சளித்தொற்று இருந்தாலே அசைவு கெட்டுப்போயிருக்கும் என்பதால் தேர்ந்த கண் வேண்டும். மின்னணு நுண்ணோக்கியோ ஏறத்தாழ பத்தில் மூவரிடம் எந்தக் குறையையும் காட்டாது. டி.என்.ஏ.எச்.11 என்ற மரபணு பழுதானால் குற்றிழையின் அமைப்பு அச்சுப் பிசகாமல் இருக்கும். அடிப்பு மட்டும் விறைத்துக் குறுகிப்போகும்.

மரபணுக்களோ ஐம்பதுக்கு மேல். முதலாவது 1999-ல் தெரிந்தது. பட்டியல் இன்னும் நீள்கிறது. அவற்றுக்குள்ளும் வேறுபாடு உண்டு. சி.சி.டி.சி.39, சி.சி.டி.சி.40 ஆகியவற்றில் பிழை உள்ளவர்களின் நுரையீரல் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கெடுகிறது. ஆர்.எஸ்.பி.எச்.1 பிழை உள்ளவர்களுக்கு நோய் லேசாக இருக்கிறது. இந்த ஆர்.எஸ்.பி.எச். குடும்பத்து மரபணுக்கள் பழுதானவர்களுக்கு இதயம் ஒருபோதும் இடம் மாறுவதில்லை. மூச்சுக்குழல் குற்றிழையில் ஒன்பது இணைக் குழாய்கள் சுற்றிலும், இரண்டு நடுவிலும் இருக்கும். இந்தப் புரதங்களின் வேலை அந்த நடு இரண்டோடு. கருவில் இடவலம் தீர்மானிக்கும் குற்றிழைக்கு நடுக்குழாய்களே இல்லை; ஆகவே அங்கே எதுவும் கெடுவதில்லை. இதயம் வலப்பக்கம் இருந்தால்தான் பி.சி.டி.யைப் பற்றி யோசிப்பேன் என்று ஒரு மருத்துவர் காத்திருந்தால், பாதிப் பேரைத் தவறவிடுவார். இந்த வகையினரை முழுதாகவே தவறவிடுவார்.

இந்த நோயை அரிது என்று சொல்வதிலும் எச்சரிக்கை வேண்டும். 10,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பெரும் மரபணுத் தரவுத்தொகுப்புகளைக் கொண்டு 2022-ல் வெளியான கணிப்பு 7,500 பேருக்கு ஒருவர் என்கிறது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் ஆசிய வம்சாவளியினரிடையே நடந்த ஆய்வு 2010-ல் 2,265 பேருக்கு ஒருவர் என்று கண்டது. அங்கே உறவுக்குள் திருமணம் மிகுதி. குழந்தைகளைத் தேடிச் சோதிக்கத் தேர்ந்த மையமும் கிடைத்தது. எண்ணிக்கை கூடியதில் இரண்டுக்குமே பங்கு உண்டு.

கடன் வாங்கிய மருந்துகள்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் நடந்தது நவீன மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று. 1950-களில் இந்த நோயோடு பிறந்த குழந்தைகள் பள்ளி வயதை எட்டுவதே அரிது. கணைய நொதி மாத்திரை, நெஞ்சு பிசியோதெரபி, நுண்ணுயிர்க்கொல்லிகள், 1993-ல் சளியில் சேரும் டி.என்.ஏ.வை வெட்டும் நொதி என்று படிப்படியாக ஆயுள் கூடியது. ஆஸ்திரேலியாவில் கடலில் அலைச்சறுக்கு ஆடும் நோயாளிகள் நன்றாக இருப்பதைக் கவனித்த மருத்துவர்கள், 7 சதவீத உப்புநீரை நெபுலைசரில் கொடுத்துப் பார்த்தார்கள். 164 பேரிடம் 48 வாரம் நடந்த அந்த ஆய்வு 2006-ல் வெளியானது. நோய் முற்றிப் படுக்கும் நிகழ்வுகள் பாதிக்கும் மேல் குறைந்திருந்தன. பழுதான வாயிலையே திறக்கும் முதல் மருந்து ஐவகாஃப்டர் 2012-லும், மூன்று மருந்துகளின் கூட்டு 2019-லும் அங்கீகாரம் பெற்றன. அந்தக் கூட்டுமருந்தின் சோதனையில் ஊதும் திறன் சில வாரங்களிலேயே சுமார் 14 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. நுரையீரல் சிதைந்துகொண்டே போகும் நோயில் இப்படி ஓர் ஏற்றத்தை யாரும் அதற்கு முன் கண்டதில்லை. விலை அமெரிக்காவில் ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல்.

பி.சி.டி. நோயாளிகளுக்கு நெடுங்காலம் கிடைத்தது இந்த மருந்துகளின் மிச்சம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு நல்லது என்றால் இதற்கும் நல்லதாகத்தானே இருக்கும் என்ற அனுமானத்தில் கொடுத்தார்கள். மூன்று நோய்களின் ஒப்பீட்டை மனதில் வைத்தால் அந்த அனுமானம் பலவீனமானது என்று தெரியும். நெதர்லாந்தில் 22 பேரிடம் உப்புநீரைச் சோதித்தபோது வாழ்க்கைத் தரத்தில் உறுதியான மாற்றம் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் படலம் வற்றாத நோயில் தண்ணீர் சேர்ப்பது பெரிதாக உதவாததில் வியப்பில்லை. டி.என்.ஏ.வை வெட்டும் அந்த நொதியைக் காரணம் தெரியாத மூச்சுக்குழல் சிதைவு உள்ளவர்களுக்கு 1998-ல் கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் நிலை மோசமானது. சளி ஒன்று போலத் தெரிகிறது என்பதற்காக மருந்தும் ஒன்றாக இருக்க முடியாது.

பி.சி.டி. நோயாளிகளிடமே நடந்து உறுதியான விடை தந்த முதல் பெரிய சோதனை வர 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவின் ஆறு நாடுகளில் 90 பேருக்கு, வாரம் மூன்று முறை அசித்ரோமைசின் ஆறு மாதம் கொடுத்தார்கள். தொற்று முற்றும் நிகழ்வுகள் பாதியாகக் குறைந்தன. விலை மலிவான, எங்கள் ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கும் மாத்திரை. அதன் பயனை அறிய, அஃப்சீலியஸின் கட்டுரைக்குப் பிறகு 44 ஆண்டுகள் ஆனது எனக்கு வேதனை தருகிறது. நோல்ஸ், பௌச்சர் ஒப்பீடு சொன்ன 'மெதுவாக வருகிறது' என்ற முடிவுக்கும் இதில் பங்கு உண்டு. லேசான நோய் என்று கேட்டவர்கள், ஆபத்தில்லாத நோய் என்று புரிந்துகொண்டார்கள். கோபன்ஹேகனில் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், சிறப்பு மையத்தின் கவனிப்பில் இருந்தும் மூன்றில் ஒரு பங்கினர் ஊதும் திறனில் 10 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் இழந்திருந்தார்கள்.

நம் ஊரில்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வெள்ளையர் நோய் என்று இந்தியாவில் நெடுங்காலம் நம்பினார்கள். 1960-களிலேயே சண்டிகரிலிருந்து முதல் நோயாளிகள் பதிவானார்கள். பிறகு டெல்லி எய்ம்ஸின் எஸ்.கே. காப்ரா குழுவினர் தேடத் தொடங்கியபோது நோயாளிகள் கிடைத்தார்கள், வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தக் குழந்தைகளுக்குத் தனிக் கவனிப்பு இருக்கிறது. வடக்கு ஐரோப்பியர்களில் 25 பேருக்கு ஒருவர் பழுதான மரபணுவைச் சுமக்கிறார். இங்கே அது மிகக் குறைவு. 40,000 பிறப்புகளில் ஒன்று என்ற அளவில் கணிப்புகள் இருக்கின்றன. அந்தக் கணக்கிலும் இத்தனை கோடி மக்களில் நோயாளிகள் சில ஆயிரம் பேராவது இருந்தாக வேண்டும். 508-ஆவது இடத்துப் பிழை இந்திய நோயாளிகளின் மரபணுக்களில் 19 முதல் 44 சதவீதம்தான். மீதி மேற்கில் அதிகம் காணாத பிழைகள். புதிய மருந்துகள் முதன்மையாக அந்த ஒரு பிழையைக் குறிவைத்து உருவானவை. ஆகவே இங்குள்ள குழந்தைக்குத் தடையாக இருப்பது விலை மட்டும் இல்லை. அந்தக் குழந்தையின் பிழைக்கு மருந்து வேலை செய்யுமா என்பதையும் தனியே அறிய வேண்டும். 2021-ன் தேசிய அரிய நோய்க் கொள்கை சிஸ்டிக் ஃபைப்ரோசிஸைப் பட்டியலில் சேர்த்திருப்பது ஒரு தொடக்கம். அதன் நிதியுதவிக்கு மேல்வரம்பு உண்டு. இந்த மருந்தோ ஆயுள் முழுக்கத் தேவைப்படுவது.

மூன்று நோய்களும் பெரும்பாலும் ஒடுங்கு மரபணுவால் வருபவை: தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் இன்றும் சொந்தத்துக்குள் நடக்கிறது என்று தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. மாமன் மகளும் அத்தை மகனும் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். தாய்மாமனும் அக்கா மகளும் நான்கில் ஒரு பங்கை. யாரையும் குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. சொந்தத்தில் கட்டிய பெற்றோரின் குழந்தைக்கு விடாத இருமல் என்றால், மருத்துவர் இந்த நோய்களை நினைத்துப் பார்க்கக் கூடுதல் காரணம் இருக்கிறது.

நடப்பதோ வேறு. விடாமல் இருமும் குழந்தைக்கு முதலில் வீசிங் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று காசநோய் மருந்து ஆறு மாதம். காசநோய் பரவலாக உள்ள நாட்டில் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். அந்த மருந்து முடிந்தும் இருமல் நிற்காதபோது, இரண்டாம் முறையும் அதையே தொடங்குவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். வட அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-ல் நான்கு கேள்விகளைச் சோதித்து வெளியிட்டார்கள். நிறைமாதத்தில் பிறந்தும் முதல் நாளிலேயே மூச்சுத்திணறி ஆக்சிஜன் தேவைப்பட்டதா? ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கி ஆண்டு முழுக்கத் தினமும் சளி இருமல் உண்டா? மூக்கடைப்பும் அப்படியே தினமும் உண்டா? உறுப்புகள் எதுவும் இடம் மாறியிருக்கிறதா? நான்கும் ஆமென்றால் பி.சி.டி. என்பது ஏறத்தாழ உறுதி. இரண்டுக்கு மட்டும் ஆமென்றாலும் சந்தேகிக்க வேண்டும்; அந்த வரம்பே ஐந்தில் நான்கு நோயாளிகளைப் பிடித்துவிடுகிறது. எடை ஏறவில்லை, மலம் எண்ணெய்ப் பிசுக்காகப் போகிறது, முத்தமிட்டால் கன்னம் உப்புக்கரிக்கிறது என்று தாய் சொன்னால் வியர்வைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். வியர்வையைச் சேகரித்துக் குளோரைடை அளக்கும் கருவியைக் குறைந்த செலவில் இங்கேயே அமைத்துக்கொள்ள முடியும் என்று எய்ம்ஸ் குழுவினர் செய்து காட்டியிருக்கிறார்கள். அதை ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவிலும் வைக்கலாம்.